ஜே.ஜே., தியோ, கார்ல்டன்: கைதட்டலுக்கு நடுவே வளர்ந்த பையன்கள்

1974 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் 'குட் டைம்ஸ்' தொடங்கியபோது, அதில் 17 வயதுப் பையன் ஜே.ஜே.வாக வந்த ஜிம்மி வாக்கருக்கு நிஜத்தில் 26 வயது. அப்பாவாக நடித்த ஜான் ஏமஸுக்கு 34. எட்டு வயது வித்தியாசம்கூட இல்லாத அப்பாவும் பிள்ளையும். நம் சினிமாவில் இதைவிட மோசமான கணக்கெல்லாம் பார்த்தாகிவிட்டது, அதனால் அது பெரிய விஷயமில்லை. ஆனால் இந்த இரண்டு பேருக்கும் இடையே திரைக்கு வெளியே நடந்த இழுபறியைத் தெரிந்துகொண்ட பிறகு, சிட்காம் எனும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் வரும் கறுப்பின இளைஞர்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

நான் இந்தத் தொடர்களை ஒளிபரப்பான காலத்தில் பார்த்தவன் இல்லை. யூடியூபிலும் ஓடிடியிலும், வரிசை தப்பி, பிடித்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன். 2025 ஜூலையில், தியோவாக நடித்த மால்கம்-ஜமால் வார்னர் கோஸ்டா ரிகா கடலில் மூழ்கி இறந்தார் என்ற செய்தி வந்தபோது, 'தி காஸ்பி ஷோ'வின் முதல் எபிசோடை மறுபடி போட்டேன். அது அப்படியே பின்னோக்கி 'குட் டைம்ஸ்' வரைக்கும், முன்னோக்கி 'அட்லாண்டா' வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் சிட்காம் எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். அந்தக் காலத்து சிட்காம் பாதி நாடகம். ஸ்டூடியோவில் சோபா, சமையலறை, மாடிப்படி என்று செட் போட்டு, எதிரே பார்வையாளர்களை உட்காரவைத்து எடுப்பார்கள். நாம் கேட்கும் சிரிப்பில் பெரும்பகுதி அவர்களுடையது. எந்த வரிக்குச் சிரிப்பு வெடித்தது, எந்த வரி செத்து விழுந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த வாரம் எழுதுகிறவர்கள் வெடித்ததைக் கூட்டி, செத்ததைக் குறைப்பார்கள். ஒரு பாத்திரம் என்னவாக வளரவேண்டும் என்பதை அந்தக் கூட்டத்தின் சிரிப்பும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

'குட் டைம்ஸ்' சிகாகோவின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழும் ஏழைக் குடும்பத்தின் கதை. உருவாக்கியவர்கள் எரிக் மாண்டி, மைக் எவன்ஸ் என்ற இரண்டு கறுப்பின எழுத்தாளர்கள். மாண்டி அந்த ஊரின் கப்ரினி-கிரீன் குடியிருப்பிலேயே வளர்ந்தவர். தயாரிப்பு நார்மன் லியர். அம்மா ஃபுளோரிடாவாக நடிக்க எஸ்தர் ரோலைக் கேட்டபோது, வீட்டில் அப்பா இருந்தால்தான் நடிப்பேன் என்று நிபந்தனை போட்டார். கறுப்பினக் குடும்பம் என்றாலே அப்பன் ஓடிப்போன குடும்பம் என்று காட்டுவதற்கு அவர் தயாராக இல்லை. அப்படித்தான் ஜான் ஏமஸின் ஜேம்ஸ் எவன்ஸ் பாத்திரம் வந்தது. வேலை தேடி அலைகிற, கோபக்கார, பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருக்கிற அப்பா.

மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி மைக்கேல் அரசியல் பேசுகிறவன், சட்டம் படித்துப் பெரிய நீதிபதி ஆகவேண்டும் என்று கனவு. பெண் தெல்மா படிப்பாளி. மூத்தவன் ஜே.ஜே. ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து, தொளதொளத் தொப்பி. எழுத்தில் அவன் ஓர் ஓவியன். இதைப் பலபேர் மறந்தே போய்விட்டார்கள். ஏனென்றால் ஆரம்பத்திலேயே அவன் ஒரு இடத்தில் பல்லைக் காட்டி "டை-னோ-மைட்!" என்று கத்தினான், ஸ்டூடியோ அதிர்ந்தது. இயக்குநர் ஜான் ரிச் அதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு தடவையாவது வரவேண்டும் என்றார். லியருக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனால் ரிச்தான் ஜெயித்தார். நாடு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த ஒரு சொல்லைக் கத்திக்கொண்டு திரிந்தார்கள்.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. ஒரு பஞ்ச் டயலாக் ஹிட்டாகிவிட்டால் அப்புறம் படமே அதற்காகத்தான் ஓடும். ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பையன் கண்ணை உருட்டிப் பல்லைக் காட்டினால் அதற்குப் பின்னால் வேறொரு கதை நிற்கிறது. 1928இல் 'ஏமஸ் அண்ட் ஆண்டி' என்ற வானொலித் தொடர் வந்தது. அதில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களைப்போல் குரல் மாற்றிப் பேசி நாட்டையே சிரிக்கவைத்தார்கள். 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களே நடித்தார்கள், ஆனால் பாத்திரங்களின் வார்ப்பு மாறவில்லை. கறுப்பினத்தவரின் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பு எதிர்த்தது. 1953இல் புது எபிசோடுகள் நின்றன. மறு ஒளிபரப்பு 1966 வரை ஓடிக்கொண்டிருந்தது. அது நின்று பத்து வருடம்கூட ஆகாத நேரத்தில்தான் ஜே.ஜே. தொப்பியோடு வந்து நிற்கிறான். ரோலும் ஏமஸும் பதறியதில் ஆச்சரியம் என்ன?

1975இல் கறுப்பின வாசகர்களுக்கான 'எபனி' பத்திரிகையிடம் எஸ்தர் ரோல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். 18 வயதாகிறது, வேலைக்குப் போவதில்லை, யோசிப்பதும் இல்லை, இப்படி ஒருவனை நம் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்துகிறார்களே என்பது அவருடைய ஆத்திரம். ஏமஸ் எழுத்தாளர்களோடு நேருக்கு நேர் சண்டை போட்டார். மூன்று பக்கத்துக்கு ஒரு தடவை தொப்பியும் டைனமைட்டும் எதற்கு, நீதிபதியாக ஆசைப்படும் ஒரு பையனும் டாக்டராக ஆசைப்படும் ஒரு பெண்ணும் அதே வீட்டில் இருக்கிறார்களே, அவர்களை வைத்து நகைச்சுவை வராதா என்று பின்னாட்களில் பேட்டிகளில் கேட்டார். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள் வாழும் வாழ்க்கையை அறியாதவர்கள் என்பதும் அவருடைய புகார். கடைசியில் என்ன ஆயிற்று? 1976இல் ஏமஸை வேலையை விட்டு அனுப்பினார்கள். நான்காவது சீசன் தொடக்கத்தில் ஜேம்ஸ் எவன்ஸ் மிசிசிப்பியில் கார் விபத்தில் செத்துப்போனார். அப்பா இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையோடு தொடங்கிய தொடரில் அப்பா இல்லை. அடுத்த வருடம் ரோலும் போய்விட்டார். அதற்குப் பிறகு பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் கண்காணிப்பில் வளர்கிறார்கள். ரோல் கடைசி சீசனுக்குத் திரும்பி வந்தார், ஆனால் தொடர் 1979இல் முடிந்துவிட்டது.

ஜிம்மி வாக்கரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் மேடைச் சிரிப்புக்காரர். சிரிக்கவைப்பது என் வேலை, முன்மாதிரியாக இருப்பது என் வேலையில்லை என்று அவர் நினைத்ததில் தப்பும் இல்லை. உண்மையில் அந்த உடம்பசைவும் நேரக்கணக்கும் அபாரம். அந்த வீட்டில் அவனைச் சமன்செய்ய இருந்தவர் அப்பா. அவரை எடுத்துவிட்டதுதான் வினை. ஜேம்ஸ் உயிரோடு இருந்த எபிசோடுகளில் ஜே.ஜே. உளறும்போது ஏமஸின் முகத்தைப் பாருங்கள். எரிச்சல், பாசம், 'இவன் எப்படிப் பிழைக்கப்போகிறான்' என்ற பயம் எல்லாம் அதில் இருக்கும். அந்த முகம் இருந்தவரை ஜே.ஜே. ஒரு குடும்பத்தின் கோமாளிப் பிள்ளை. அந்த முகம் போனபின் வெறும் கோமாளி.

அவன் ஓவியன் என்று சொன்னேனே, ஜே.ஜே. வரைந்ததாகத் திரையில் காட்டிய பல ஓவியங்களை வரைந்தவர் எர்னி பார்ன்ஸ், முன்னாள் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர். அவருடைய 'தி சுகர் ஷாக்', கூட்டம் கூட்டமாக நீண்ட கைகால்களோடு மனிதர்கள் ஆடும் படம், தொடரின் முடிவில் பெயர்கள் ஓடும்போது வரும். அந்த ஓவியத்தின் ஒரு வடிவம் 2022 மே மாதம் கிறிஸ்டிஸ் ஏலத்துக்கு வந்தது. அதிகபட்சம் 2 லட்சம் டாலர் போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போன விலை சுமார் 1.53 கோடி டாலர். பெயர் ஓடும் நேரத்தில் சேனலை மாற்றாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பெரியவர்களாகி அந்தப் படத்தை மறக்காமல் வைத்திருந்தார்கள் என்பதும் அந்த விலையில் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் தொடக்கமும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. 'டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்', 'வெப்ஸ்டர்' இரண்டிலும் அநாதைக் கறுப்பினச் சிறுவர்களை வெள்ளையர் குடும்பங்கள் எடுத்து வளர்க்கின்றன. முதல் தொடரில் நடித்த கேரி கோல்மன் சுட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் சிறுவனாக இருக்கும்வரை கொஞ்சுவார்கள், மீசை முளைத்ததும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குமேல் அவற்றைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

1984 செப்டம்பர் 20. என்பிசியில் 'தி காஸ்பி ஷோ'. பில் காஸ்பி நடித்த அப்பா டாக்டர், அம்மா வக்கீல், புரூக்ளினில் சொந்த வீடு. ஒரே மகன் தியோ ரிப்போர்ட் கார்டில் வரிசையாக டி வாங்கிக்கொண்டு வருகிறான். படிக்காவிட்டால் என்ன, நான் சாதாரண ஆளாக இருந்துகொள்கிறேன் என்கிறான். அப்பா அவன் அறைக்குப் போய், மொனாப்பலி விளையாட்டுக் காசை எடுத்து, இந்தா உன் மாதச் சம்பளம் என்று கையில் கொடுக்கிறார். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். வரி. வீட்டு வாடகை, மன்ஹாட்டனில் கட்டுப்படியாகாது என்றதும் தியோ நியூஜெர்சிக்கு வீட்டை மாற்றுகிறான். கார் வேண்டாம், மோட்டார்சைக்கிள் போதும். சாப்பாட்டுக்கு பலோனி என்ற மலிவு இறைச்சியும் காலை உணவுத் தானியமும். கடைசியில் கொஞ்சம் காசு மிஞ்சுகிறது, பார்த்தீர்களா என்று தியோ சிரிக்கிறான். "கேர்ள்ஃபிரெண்ட் வைத்துக்கொள்வாயா?" என்று அப்பா கேட்கிறார். கண்டிப்பாக என்கிறான். மிச்சக் காசும் போகிறது.

இது எல்லாருக்கும் நினைவிருக்கும் காட்சி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கொஞ்ச நேரம் கழித்து வருவது. தியோ உருக்கமாக ஒரு பேச்சுப் பேசுகிறான். நீங்கள் டாக்டர் என்பதற்காக உங்களை நேசிக்கவில்லை, அப்பா என்பதால் நேசிக்கிறேன், என்னையும் அப்படியே மகன் என்று ஏற்றுக்கொள்ளக்கூடாதா என்கிறான். ஸ்டூடியோ கைதட்டுகிறது. மனம் நெகிழ்ந்த கைதட்டல். எந்தத் தொடரும் அந்த இடத்தில் அப்பனையும் மகனையும் கட்டிப்பிடிக்க வைத்து முடித்திருக்கும். அப்பா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, என் வாழ்நாளில் இவ்வளவு முட்டாள்தனமான பேச்சைக் கேட்டதில்லை என்று சீறுகிறார். கைதட்டியவர்களே அதைவிடப் பலமாகச் சிரிக்கிறார்கள். கூட்டத்தின் நெகிழ்ச்சியைக் கையில் வாங்கி அதையே கவிழ்த்த அந்த எழுத்து பெரிய எழுத்து.

வார்னர் தேர்வான கதையும் இதோடு சேர்ந்தது. அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நடிப்புத் தேர்வில், அப்போதைய டிவிப் பிள்ளைகள் செய்வதுபோல இடுப்பில் கைவைத்துக் கண்ணை உருட்டி அப்பாவிடம் துடுக்காகப் பேசிக் காட்டினாராம். உன் அப்பாவிடம் நிஜமாகவே இப்படிப் பேசுவாயா என்று கேட்டாராம் காஸ்பி. மாட்டேன். அப்படியென்றால் என் தொடரிலும் வேண்டாம். சுலபமாகக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு வகைச் சிரிப்பு அங்கேயே வெட்டப்பட்டது.

பில் காஸ்பி பற்றி இன்று பேசாமல் தாண்டவும் முடியாது. ஏராளமான பெண்கள் குற்றம் சாட்டினார்கள், 2018இல் தண்டிக்கப்பட்டார், 2021இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் நடைமுறைக் காரணத்தால் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 'அமெரிக்காவின் அப்பா' என்ற பட்டம் அதோடு காலி. அந்த முதல் எபிசோடைப் பார்க்கும்போது எனக்கும் நெருடுகிறது. ஆனால் நெருடலுக்காகத் தியோவை விட்டுவிட முடியாது. ஒரு கறுப்பினப் பையன் சோம்பேறியாகவும், மக்காகவும், பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவனாகவும் இருக்கலாம், அதற்காக அவன் இனத்தின் தலையெழுத்து அவன் தலையில் ஏறாது என்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் பிரதான நேரத்தில் எட்டு வருடம் காட்டியது அந்தப் பாத்திரம். பின்னால் அவனுக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருப்பது தெரியவருகிறது. காஸ்பியின் சொந்த மகனுக்கும் அது இருந்தது. வசதியான குடும்பம் என்பதால் இந்தச் சலுகை கிடைத்தது என்று அப்போதே விமர்சனம் இருந்தது. நியாயமான விமர்சனம்தான். ஏழை ஜே.ஜே. மக்காக இருந்தால் அவமானம், டாக்டர் மகன் மக்காக இருந்தால் குறும்பு.

தொடரின் கடைசி எபிசோடில் தியோ நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குகிறான். அது ஒளிபரப்பான நாள் 1992 ஏப்ரல் 30. ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையானது முந்தின நாள். லாஸ் ஏஞ்சலஸ் எரிந்துகொண்டிருந்தது. மேயர் டாம் பிராட்லி, தெருவுக்கு வராமல் வீட்டிலிருந்து காஸ்பி ஷோ பாருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அங்குள்ள என்பிசி நிலையம் கலவரச் செய்தியை நிறுத்தித் தியோவின் பட்டமளிப்பைக் காட்டியது. இப்படி ஒரு காட்சியைக் கதையாக எழுதினால் ரொம்ப ஓவர் என்று சொல்லிவிடுவோம்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பே போலீஸை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்திருந்தது 'தி ஃபிரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்'. மேற்கு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வரும் வில்; அவனுடைய பணக்கார மாமாவின் மகன் கார்ல்டன். அல்ஃபோன்சோ ரிபெய்ரோவின் கார்ல்டன், ஸ்வெட்டரைத் தோளில் கட்டிக்கொண்டு டாம் ஜோன்ஸ் பாட்டுக்கு ஆடுகிறவன். 1990 அக்டோபரில் வந்த எபிசோடில் இருவரும் கார்ல்டனின் அப்பாவுடைய நண்பரின் பென்ஸ் காரை பாம் ஸ்பிரிங்ஸுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வழி தெரியாமல் காரை ஊர்ந்து ஓட்டுகிறான் கார்ல்டன். போலீஸ் நிறுத்துகிறது. உதவிக்கு வந்திருக்கிறார்கள் என்று கார்ல்டன் சந்தோஷப்படுகிறான். வில்லுக்குத் தெரியும். போலீஸ்காரர் அடுத்து என்ன சொல்வார் என்பதை முன்கூட்டியே சொல்கிறான், அதுவே நடக்கிறது. கார் திருடர்கள் என்று உள்ளே போடுகிறார்கள். ஸ்டூடியோ இவ்வளவுக்கும் சிரிக்கிறது, சிரிக்கிற மாதிரித்தான் எழுதியிருக்கிறார்கள்.

மாமா வந்து, வக்கீலின் கர்ஜனையோடு மீட்டுக்கொண்டு போனதும், வீட்டில் கார்ல்டன் போலீஸுக்கு வக்காலத்து வாங்குகிறான். ராத்திரி நேரம், ஊர்ந்து போகும் கார், நிறுத்தத்தானே செய்வார்கள்? வில் வெறுத்துப்போய் எழுந்து போகிறான். கார்ல்டன் அப்பாவிடம் கேட்கிறான், நீங்கள் போலீஸாக இருந்தால் நிறுத்தமாட்டீர்களா? அப்பாவாக நடித்த ஜேம்ஸ் ஏவரி, அந்த மலைபோன்ற மனிதர், தன்னை முதல்முறை நிறுத்தியபோது தானும் இதையே கேட்டுக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறார். கார்ல்டன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். நான் நிறுத்துவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அவ்வளவுதான், எபிசோட் முடிந்தது. அவன் திருந்தவில்லை, பாடம் கற்கவில்லை. சிரிப்பும் இல்லை. இருபத்திரண்டு நிமிடம் கார்ல்டனைக் கேலி செய்து சிரித்த கூட்டத்துக்கு, அந்த இடத்தில் சிரிக்க எதையும் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

தொண்ணூறுகளில் இந்த மாதிரித் தொடர்கள் ஏராளமாக வந்ததற்கு லட்சியம் காரணமில்லை, வியாபாரம். புதிதாகக் கால் ஊன்றிய ஃபாக்ஸ், பெரிய சேனல்கள் கண்டுகொள்ளாத கறுப்பினப் பார்வையாளர்களைப் பிடித்தது. 'மார்ட்டின்', 'லிவிங் சிங்கிள்' எல்லாம் அங்கே வந்தவை. 1994இல் அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்பு ஃபாக்ஸ் கைக்கு வந்தது. அந்த வருடமே பல கறுப்பினத் தொடர்களுக்குக் கல்தா. அடுத்து 1995இல் யூபிஎன், டபிள்யூபி என்று இரண்டு புதுச் சேனல்கள் வந்து அதையே செய்தன. 2006இல் இரண்டும் இணைந்து சிடபிள்யூ ஆனபோது மறுபடியும் இடம் சுருங்கியது. ஏணியாக வைத்து ஏறுவார்கள், மாடிக்குப் போனதும் உதைத்துத் தள்ளுவார்கள்.

அந்த இடிபாட்டிலிருந்து தப்பி வந்தது 'எவ்ரிபடி ஹேட்ஸ் கிறிஸ்'. நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக்கின் சிறுவயது, புரூக்ளின், எண்பதுகள். டைலர் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற சிறுவன் கிறிஸ்ஸாக வந்தான். இரண்டு வேலை பார்க்கும் அப்பா ஜூலியஸ், சிந்தின பாலுக்கும் கடித்து வைத்த கோழிக்கும் எத்தனை சென்ட் நஷ்டம் என்று உடனே கணக்குச் சொல்கிறவர். இதை நான் எந்த விளக்கமும் தேவைப்படாமல் சிரித்தேன். அந்த அப்பா நம் தெருவிலும் இருக்கிறார். ஆனால் என்னை உறுத்தியது ஆசிரியை மிஸ் மொரெல்லோ. கிறிஸ் மேல் பாசம் கொட்டுகிறவர். அவனுக்கு அப்பா இல்லை, அம்மாவுக்கு போதைப் பழக்கம் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டு கண்ணீர் விடுவார். எஸ்தர் ரோல் பயந்தது இந்தப் பார்வையைத்தான். முப்பது வருடம் கழித்து அந்தப் பார்வையே கேலிப்பொருளாகியிருக்கிறது.

அந்தச் சிறுவன் டைலர் இப்போது வளர்ந்து 'அபாட் எலிமெண்டரி'யில் கிரெகரி என்ற ஆசிரியராக வருகிறார். நேர்த்தியான, கூச்ச சுபாவமுள்ள மனிதன். பீட்சா பிடிக்காது என்று சொல்லி மாட்டிக்கொள்கிறான். அவனுடைய வினோதங்களில் சில நாக்கு சம்பந்தப்பட்டவை. நல்ல தொடர், ஆனால் கொஞ்சம் நல்ல பிள்ளையாகவே வைத்திருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு குறை உண்டு.

அந்தக் குறை 'அட்லாண்டா'வில் தீர்ந்தது. 2016இல் எஃப்எக்ஸ் சேனலில் டொனால்ட் குளோவர் தொடங்கியது. ஸ்டூடியோ பார்வையாளர்கள் கிடையாது, சிரிப்புச் சத்தம் கிடையாது. அதன் இரண்டாவது எபிசோடில் குளோவர் நடிக்கும் ஏர்ன் காவல் நிலையத்தில் காத்திருக்கிறான். மனநிலை சரியில்லாத ஒருவன் டாய்லெட் தண்ணீரைக் குடித்து ஆட்டம் போடுகிறான். கைதிகள், போலீஸ்காரர்கள், எல்லாரும் சிரிக்கிறார்கள். அவனை ஏன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை என்று ஏர்ன் கேட்கிறான், வாயை மூடு என்கிறார்கள். சிறிது நேரத்தில் அவன் போலீஸ்காரர் மேல் துப்ப, அடி விழுகிறது. பார்வையாளர் கூட்டத்தைக் கதைக்கு உள்ளேயே உட்காரவைத்து, அந்தச் சிரிப்பை நாமே தள்ளி நின்று பார்க்கும்படி செய்துவிட்டார்கள்.

அதே சீசனில் இன்னொரு எபிசோட். ஜஸ்டின் பீபர் வருகிறார், ஆனால் அந்த உலகத்தில் பீபர் ஒரு கறுப்பின இளைஞன். தர்ம காரியத்துக்காக நடக்கும் கூடைப்பந்து ஆட்டத்தில் அசிங்கமாக நடந்துகொள்கிறான், எல்லாரும் செல்லப்பிள்ளை என்று மன்னிக்கிறார்கள். ராப் பாடகன் ஆல்ஃப்ரெட், மேடைப் பெயர் 'பேப்பர் பாய்', தன்னைப் பற்றி நல்லதாக நாலு வரி வராதா என்று ஒரு பெண் நிருபரின் பின்னால் அலைகிறான். பீபரோடு கைகலப்பாகி, பழி முழுக்க இவன் மேல் விழுகிறது. பீபர் மன்னிப்புக் கேட்டுப் பாட்டுப் பாடி முடித்ததும் ஆல்ஃப்ரெட் அந்த நிருபரிடம் போகிறான். அவர் கோபப்படுவதுகூட இல்லை. ஜனங்களுக்கு பீபர் கெட்டவனாக இருப்பது வேண்டாம், அது நீயாக இருக்கவேண்டும், நீ ராப்பர், உன் பாத்திரத்தை ஒழுங்காகச் செய் என்று யோசனை சொல்லிவிட்டுப் போகிறார். ஆல்ஃப்ரெடாக நடித்த பிரையன் டைரி ஹென்றி அதற்கு வசனம் எதுவும் பேசவில்லை. எழுதியவர்களும் அவருக்குத் திருப்பிச் சொல்ல ஒரு பஞ்ச் கொடுக்கவில்லை.